எல்எஃப்பியா, என்எம்சியா? சேலம் வெயிலுக்கும் ஏற்காடு மலைக்கும் எந்த செல், யாரோட செல்?

ஐந்துரோடு

வணக்கம்ங்க. எலக்ட்ரிக் கார் எடுக்கிறதுன்னு முடிவாயிடுச்சு, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியா, என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) பேட்டரியாங்கிறதுல தான் இழுபறி. பட்டியல்ல இருக்கிறது நாலு: டாடா நெக்ஸான் 45 கிலோவாட்-அவர் (அதாவது யூனிட்), ஹூண்டாய் க்ரெட்டா எலக்ட்ரிக் 51.4, மஹிந்திரா பிஇ 6-ல 59, பிஒய்டி ஆட்டோ 3-ல 60.48. விலை வித்தியாசம் தெரியும், அதைப் பத்தி கேக்கலை.

ஓட்டம் இப்படி. தினசரி டவுனுக்குள்ள. வாராவாரம் ஏற்காடு தோட்டத்துக்குப் போய் ராத்திரி அங்கேயே தங்கல். அப்பப்போ பெங்களூரு. சேலத்துல வண்டி நிக்கிறது தகர ஷீட் போட்ட ஷெட்டுல. மேல தோட்டத்து வீட்டுல 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான்.

தெரிஞ்சுக்க வேண்டியது: நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கும் மேல மார்கழிக் குளிருக்கும் எந்த கெமிஸ்ட்ரி தாங்கும்? செல் செஞ்ச கம்பெனி சிஏடிஎல்-லா, எல்ஜி-யா, பிஒய்டி-யாங்கிறதை எவ்வளவு தூரம் பாக்கணும்? மலை இறங்கும்போது ஃபுல் சார்ஜ்ல இருந்தா ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே கரன்ட்டைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்பறது) வேலை செய்யாதுங்கிறாங்களே, உண்மையா? செகண்ட் ஹேண்ட்ல போனா உள்ள என்ன செல் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?


செல்லாண்டி

"யாரோட பேட்டரி"ன்னு கேக்கும்போது நீங்க மூணு பேரை ஒண்ணா சேர்த்துக் கேக்குறீங்க. செல் செய்யறவர் ஒருத்தர். அந்த செல்லை வரிசையா அடுக்கி, பஸ்பார் (செல்லுங்களை இணைக்கிற உலோகப் பட்டை) வெல்டு பண்ணி, கூலிங் பிளேட் வச்சு, பெட்டியில அடைச்சு பேக் ஆக்குறவர் இன்னொருத்தர். எந்த சூட்டுல எவ்வளவு கரன்ட் உள்ள விடலாம்னு தீர்மானிக்கிற பிஎம்எஸ்ஸை (பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்) எழுதறவர் மூணாவது ஆள். பிஒய்டில மூணும் ஒரே வீட்டுக்குள்ள நடக்குது. மத்தவங்ககிட்ட அப்படி இல்லை.

உங்க பட்டியலை எடுத்துக்கோங்க. ஆட்டோ 3-ல இருக்கிறது பிளேடு செல் (பிளேடு மாதிரி நீளமா, தட்டையா இருக்கும்), எல்எஃப்பி. ஒரு செல் 3.2 வோல்ட், 150 ஆம்பியர்-அவர். 126 செல் ஒரே சீரிஸ். பெருக்கிப் பாருங்க, அச்சா 60.48 வரும். பிஇ 6, எக்ஸ்இவி 9இ ரெண்டுலயும் அதே பிஒய்டி பிளேடு செல்தான், ஆனா பேக் கட்டறது சாக்கன்ல மஹிந்திரா. மாருதி இ-விட்டாராவும் பிளேடுதான். டாடா காருங்க எல்லாம் எல்எஃப்பி. பேக் வர்றது டாடா ஆட்டோகாம்ப்பும் சீனாவோட கோஷனும் சேர்ந்த கம்பெனியிலிருந்தும், ஆக்டிலியன்கிட்ட இருந்தும். இந்த ஆக்டிலியன் செல் செய்யற கம்பெனி இல்லை, பேக் கட்டறவங்க. இதைக் குழப்பிக்கிட்டு "ஆக்டிலியன் செல்"னு எழுதறவங்க நிறைய. க்ரெட்டா ஒண்ணுதான் உங்க பட்டியல்ல என்எம்சி. அதோட பேக் அசெம்பிளி சென்னைப் பக்கம் நடக்குது.

பெரிய பேருன்னா பிரச்சினையே வராதுன்னு நம்ப வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸோட போல்ட் காருல இருந்தது எல்ஜி செல். ஆனோடு (மைனஸ் முனை) டேப் கிழிஞ்சிருக்கிறது ஒரு குறை, ரெண்டு முனையும் தொடாம நடுவுல இருக்கிற செப்பரேட்டர் மடிஞ்சிருக்கிறது இன்னொரு குறை. ரெண்டும் ஒரே செல்லுல சேர்ந்துட்டா தீப்பிடிக்க வாய்ப்புன்னு சொல்லி, 2021-ல அதுவரைக்கும் செஞ்ச அத்தனை போல்ட்டையும் திரும்பக் கூப்பிட்டாங்க. அதே வருஷம் ஹூண்டாய் உலகம் முழுக்க சுமார் 82,000 வண்டிகளைக் கூப்பிட்டுச்சு, பெரும்பகுதி கோனா. அங்கயும் எல்ஜி செல்தான். அதே எல்ஜி செல்லோட எத்தனையோ வண்டி ஒரு குறையும் இல்லாம ஓடிட்டிருக்கு. வித்தியாசம் பேருல இல்லை, எந்த ஃபேக்டரி, எந்த பேட்ச்ங்கிறதுல. வாங்கறவரால அதை வெளியிலிருந்து பாக்க முடியாது. அதனால சப்ளையர் பேரை மூணாவது கேள்வியா வச்சுக்கோங்க. முதல் கேள்வி கெமிஸ்ட்ரி, ரெண்டாவது கூலிங்.

கெமிஸ்ட்ரி. எல்எஃப்பி செல் கிலோவுக்கு 160 முதல் 190 வாட்-அவர். என்எம்சி 230 முதல் 270. அதனால ஒரே கொள்ளளவுக்கு எல்எஃப்பி பேக் கனம் கூடும். பதிலுக்குக் கிடைக்கிறது ஆயுளும் சாந்தமும். எல்எஃப்பில ஆக்சிஜன் பாஸ்பேட்டோட இறுக்கமா பிணைஞ்சிருக்கு, 270 டிகிரி பக்கம் போனாத்தான் உடையும். என்எம்சில 210 பக்கமே கேத்தோடு (பிளஸ் முனை) உடைஞ்சு ஆக்சிஜனை விட ஆரம்பிச்சுடும், தீக்குத் தீனி உள்ளேயே கிடைச்சுடும். எல்எஃப்பி எரியவே எரியாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அதோட எலக்ட்ரோலைட்டும் எரியறதுதான், சூடேறி வென்ட் ஆகும்போது (உள்ள இருக்கிற வாயு வெளிய வரும்போது) வர்ற புகையில ஹைட்ரஜன் நிறையவே இருக்கும்.

(இந்த எல்எஃப்பியை உலகத்துக்குச் சொன்ன 1997 கட்டுரையில பேரு இருக்கிறவங்க மூணு பேர்: ஏ.கே. பாதி, கே.எஸ். நஞ்சுண்டசாமி, ஜான் குடினஃப். டெக்சாஸ்ல உக்காந்து நம்மாளுங்க கையும் வச்சு செஞ்ச வேலை. காசு பாத்தது சீனா.)

வெயில். 40 டிகிரியில ஓடறதுனால செல் கெடாது. 40 டிகிரியில ஃபுல் சார்ஜோட சும்மா நிக்கிறதுதான் தின்னும். கிராஃபைட் ஆனோடு மேல இருக்கிற எஸ்இஐங்கிற மெல்லிய படலம் சூட்டுல தடிச்சுக்கிட்டே போகும், அதுக்கு லித்தியம் செலவாகும். சார்ஜ் எவ்வளவு மேல நிக்குதோ அவ்வளவு வேகம். இது ரெண்டு கெமிஸ்ட்ரிக்கும் பொது. எல்எஃப்பிக்கு இதெல்லாம் கிடையாதுன்னு ஷோரூம்ல சொன்னா தலையாட்டிட்டு வந்துடுங்க. உங்க தகர ஷெட்டுல வண்டி ரெண்டு நாள் நிக்கப் போகுதுன்னா 50-60 சதவீதத்துல நிறுத்துங்க. ஷீட்டுக்கு அடியில ஒரு ஃபால்ஸ் சீலிங்கோ தென்னங்கீத்தோ போட்டா நல்லது. நீங்க சப்ளையரைத் தேடுற நேரத்துல இதைச் செஞ்சா பேட்டரிக்கு அதைவிடப் பிரயோஜனம்.

கூலிங். உங்க நாலு வண்டியிலயுமே காத்தை மட்டும் நம்பாம பேக்கைக் குளிர வைக்கிற தனி ஏற்பாடு இருக்கு. பழைய வண்டி பாக்கும்போது இதை மறுபடி கேளுங்க. காத்துல மட்டும் ஆறுற பேக், தொப்பூர் ஏத்தம் ஏறி வந்த கையோட ஃபாஸ்ட் சார்ஜர்ல போட்டா, வேகம் இறங்கிடும்.


இருபதாவது வளைவு

ரீஜென் கேள்விக்கு கணக்கே போட்டுடலாம்.

சேலம் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 280 மீட்டர். ஏற்காடு வரை ஏறுற உயரத்தை 1,150 மீட்டர்னு வச்சுக்கோங்க. ஆளோட சாமானோட வண்டி 1,800 கிலோ. அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்கறதுக்கு மட்டும் 5.6 யூனிட். 22 கிலோமீட்டர் மலைப்பாதையில டயர் உருள்ற தடை, காத்துத் தடை எல்லாம் சேர்த்து 1.5 யூனிட். மோட்டார், இன்வெர்ட்டர் நஷ்டம் போக பேட்டரியிலிருந்து எடுக்கிறது 8 யூனிட் சுமாரு. ஏசி போட்டா 9. அடிவாரத்துலயிருந்து ஏரி வரைக்கும் நெக்ஸான் 45-ல 18-20 சதவீதம் போகும், ஆட்டோ 3-ல 13-15.

இறங்கும்போது அந்த 5.6-ல 1.5 உருள்றதுக்கே போயிடும். மீதி 4.1. அதுல ரீஜென் பிடிச்சு பேட்டரிக்குள்ள சேர்க்கிறது 2.5-லிருந்து 3 யூனிட். 50 யூனிட் பேட்டரிக்கு 5-6 சதவீதம்.

இப்ப உங்க பயத்துக்கு வருவோம். ஃபுல் சார்ஜ்ல ரீஜென் வேலை செய்யாதுங்கிறது உண்மை. 100-ல நிக்கிற செல்லுக்குள்ள மேற்கொண்டு கரன்ட் தள்ள பிஎம்எஸ் விடாது. ஆனா எவ்வளவு இடம் வேணும்னு பாத்தா, சராசரி சரிவு 5 சதவீதம், 30 கிலோமீட்டர் வேகம்னு வச்சா தொடர்ந்து வர்றது 5-6 கிலோவாட்தான். 50 யூனிட் பேக்குக்கு இது ஒண்ணுமே இல்லை, வீட்டு சார்ஜர் தர்ற அளவு. கொண்டை ஊசிக்கு முன்னாடி பிரேக் பிடிக்கிற ரெண்டு மூணு செகண்டுதான் 25, 30-னு குதிக்கும். அதனால "80-க்கு மேல சார்ஜ் போட்டு இறங்காதே"ங்கிறதெல்லாம் அளவுக்கு மீறின எச்சரிக்கை. 90-ல கிளம்புங்க, அடிவாரத்துல 95-96-ல வந்து நிப்பீங்க. டாடா டியாகோ மாதிரி 24 யூனிட் வண்டியா இருந்தா அதே இறக்கம் 10 சதவீதத்துக்குப் பக்கம் சேர்க்கும், அப்ப 85-ல நிறுத்துங்க.

100-லயே கிளம்பிட்டா என்ன ஆகும்? முதல் சில வளைவுக்கு ரீஜென் இல்லாம வெறும் டிஸ்க் பிரேக். எலக்ட்ரிக் வண்டியில லோ கியர் போட்டுப் பிடிக்கிற வசதி கிடையாது, எஞ்ஜின் பிரேக்கிங்னு ஒண்ணு இல்லை. அப்ப மிதி மேலயே கால் வச்சுக்கிட்டு வராதீங்க. விட்டு விட்டு, அழுத்தமா பிடிச்சு வாங்க. கொஞ்ச தூரத்துல ஏசி, லைட், பம்பு தின்ற கரன்ட்லயே இடம் உண்டாயிடும், மீட்டர்ல ரீஜென் பட்டை மெதுவா திரும்ப வரும்.

அதிகாலையில இன்னொரு விஷயம். மார்கழி, தையில மேல ராத்திரி 10-13 டிகிரிக்கு இறங்கும். விடிய விடிய வெளிய நின்ன எல்எஃப்பி பேக் அந்தச் சூட்டுலதான் இருக்கும். அப்ப ரீஜென் கொஞ்சம் குறைவாவே கிடைக்கும், டிசி ஃபாஸ்ட் சார்ஜரும் பாதி வேகத்துக்கு இறங்கலாம். வீட்டு பிளக்ல போடற சார்ஜிங்குக்கு எந்த பாதிப்பும் இல்லை. லித்தியம் உலோகமா படிஞ்சு செல் கெடுற அபாயம் பூஜ்யம் டிகிரியை ஒட்டின கதை, சேர்வராயன் மலை மேலயே அது கிடையாது. குளிருக்காக என்எம்சி எடுக்கணும்னு யாராவது சொன்னா அது நார்வேக்காரருக்குச் சொன்னது.


ஹஸ்தம்பட்டி 41

எல்லாரும் எல்எஃப்பிக்கு மாலை போடுறீங்க தலைவரே, அதோட பெரிய தொல்லையை யாரும் எடுக்கலையே.

எல்எஃப்பி செல்லோட வோல்டேஜ் நடுவுல அசையாது. 40 சதவீதத்துலயும் 3.29, 60 சதவீதத்துலயும் 3.30. பத்து மில்லிவோல்ட் வித்தியாசத்துக்குள்ள இருபது சதவீதம் ஒளிஞ்சுக்கிட்டிருக்கும். அதனால பிஎம்எஸ்ஸால வோல்டேஜைப் பாத்து சார்ஜைச் சொல்ல முடியாது. உள்ள போன ஆம்பியர், வெளிய போன ஆம்பியர்னு கூட்டிக் கழிச்சுத்தான் சொல்லுது. சென்சார்ல இருக்கிற பொடிப் பிழை நாளாக நாளாகச் சேர்ந்துக்கிட்டே போகும். தினம் 40-லிருந்து 75, 40-லிருந்து 75-னு போட்டுக்கிட்டிருக்கிற வண்டியில மீட்டர் சொல்றதும் உள்ள இருக்கிறதும் பல சதவீதம் விலகிடும். விலகினது தெரிய வர்றது எப்போ? பெங்களூருலயிருந்து திரும்பும்போதோ, போகும்போது தொப்பூர் ஏத்தத்துலயோ, 14-னு காட்டிக்கிட்டிருந்தது திடீர்னு 5 ஆகும்போது.

மருந்து சுலபம். வாரம் ஒரு தடவை, இல்லைன்னா பத்து நாளைக்கு ஒரு தடவை, ஸ்லோ சார்ஜர்ல 100 வரைக்கும் போட்டு, அதுவா நிக்கிற வரை பிளக்கை உருவாம விடணும். 100-னு காட்டினதுக்கு அப்புறமும் அரை மணி, ஒரு மணி நேரம் சின்ன கரன்ட் ஓடிக்கிட்டிருக்கும். அப்பதான் செல் பேலன்சிங் (எல்லா செல்லையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வர்றது) நடக்கும். சார்ஜ் ஏறும்போது எல்எஃப்பில செல்லுக்கு செல் வித்தியாசம் தெரியறதே உச்சியில, 3.4 வோல்ட்டுக்கு மேலதான். 99-ல உருவி எடுத்தா அந்த வேலை நடக்காமலே போயிடும். ஃபாஸ்ட் சார்ஜர்ல 100 போடறது இதுக்கு ஈடாகாது.

இதை செல்லாண்டி சொன்ன "வெயில்ல ஃபுல்லா நிறுத்தாதே"ங்கிறதோட எப்படிச் சேர்க்கிறதுன்னு கேட்டா, நேரத்தை மாத்துங்க. மலை ஏறப் போற நாள் விடியக்காலை 100 ஆகி முடியற மாதிரி டைமர் வைங்க, முடிஞ்ச கையோட கிளம்பிடுங்க. ஏறும்போது ரீஜென் பத்தின கவலையே இல்லை, ஏரிக்குப் போறதுக்குள்ள 80-க்கு வந்துடும். ஆக ஃபுல் சார்ஜ் சேலத்துல, மேல 90-ஓட நிறுத்தல்.

என்எம்சிக்கு இந்த ரோதனை எதுவும் இல்லை. 3.5-லிருந்து 4.2 வரைக்கும் வோல்டேஜ் சாய்வா போகுது, பாத்தாலே சார்ஜ் எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். தினம் 80-ல நிறுத்தலாம், 100 போட வேண்டிய கட்டாயமே இல்லை. கனமும் கம்மி. அதுக்காக என்எம்சின்னா சார்ஜ் வேகமா ஏறும்னு எடுத்துக்காதீங்க. கம்பெனிக் கணக்குப்படி க்ரெட்டா எலக்ட்ரிக் 50 கிலோவாட் சார்ஜர்ல 10-லிருந்து 80-க்கு 58 நிமிஷம். பிஇ 6 எல்எஃப்பிதான், 140 கிலோவாட் சார்ஜர் கிடைச்சா 20-லிருந்து 80-க்கு 20 நிமிஷம். வேகத்தை முடிவு பண்றது கூலிங்கும் பேக் அமைப்பும்.

பெங்களூரு கணக்கையும் போட்டுடறேன். 200 கிலோமீட்டர், 90-100 வேகத்துல கிலோமீட்டருக்கு 150-170 வாட்-அவர். போற வழி மொத்தத்துல 640 மீட்டர் ஏத்தம், அதுக்கு மூணரை யூனிட் தனி. ஆக 34-லிருந்து 38. நெக்ஸான் 45-ல போய்ச் சேரலாம், ஆனா கையில 15-25 சதவீதத்தோட. அந்த நேரத்துல மீட்டர் பொய் சொன்னா ஓசூர்ல வியர்க்கும். க்ரெட்டால 26-34 மிச்சம், மீட்டரையும் நம்பலாம். பிஇ 6, ஆட்டோ 3-க்கு இந்தப் பேச்சே தேவையில்லை.


செல்லாண்டி

41 சொன்னது சரி, ஒண்ணே ஒண்ணு சேர்க்கணும். ஆயுள்னு வரும்போது எல்எஃப்பி 80 சதவீதத்துக்கு இறங்க 3,000 சைக்கிளுக்கு (முழுசா ஏத்தி இறக்கறது ஒரு சைக்கிள்) மேல எடுத்துக்கும், என்எம்சி ஆயிரத்துலயிருந்து ரெண்டாயிரம். ஆனா 51 யூனிட் பேக்குக்கு ஒரு ஃபுல் சைக்கிள் 300 கிலோமீட்டர் மேல. ஆயிரம் சைக்கிள்னாலே மூணு லட்சம் கிலோமீட்டர். உங்க ஓட்டத்துக்கு ரெண்டுமே சைக்கிளால சாகாது, வயசாலயும் சூட்டாலயும்தான் தேயும். சைக்கிள் எண்ணிக்கையைக் காட்டி விக்கறது டாக்சிக்காரங்களுக்குப் பொருந்தும்.


ஐந்துரோடு

ரொம்ப நன்றிங்க. கணக்கோட சொன்னது மனசுல நிக்குது. செகண்ட் ஹேண்ட் விஷயமும், மேல பிளக் பாயின்ட் விஷயமும் யாராவது சொல்லுங்க. பழைய நெக்ஸான் 30.2-ம், கோனா 39.2-ம் விலைக்கு வந்திருக்கு.


குப்பனூர் ரோடு

பழைய வண்டியை எடை போட டீலர் தரும் "பேட்டரி ஹெல்த் 96%" காகிதம் போதாது. கையில் ஒரு ஓபிடி டாங்கிளும் (வண்டியின் சர்வீஸ் போர்ட்டில் செருகி விவரம் படிக்கும் சிறு கருவி) போன் ஆப்பும், யூனிட் காட்டும் சார்ஜரும் இருந்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

முதலில் கெமிஸ்ட்ரி. பேக்கின் மேல் உள்ள லேபிளில் நாமினல் வோல்டேஜ் இருக்கும். அதை வைத்து மட்டும் கெமிஸ்ட்ரியைச் சொல்ல முடியாது. கோனா 39.2-ல் 327 வோல்ட், பழைய நெக்ஸானில் 320. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கோனா என்எம்சி, சீரிஸில் 90. நெக்ஸான் எல்எஃப்பி. வித்தியாசம் ஃபுல் சார்ஜில் வெளிப்படும். வண்டியை 100 வரை போட்டு, பிளக்கைக் கழற்றி ஒரு மணி நேரம் விட்டு, டாங்கிளில் பேக் வோல்டேஜைப் பாருங்கள். லேபிள் எண்ணை விட 4-5 சதவீதம்தான் கூடுதல் என்றால் எல்எஃப்பி: செல் 3.65 வரை போனாலும் ஓய்வில் 3.34-க்கு விழுந்துவிடும். 14-15 சதவீதம் கூடுதல் என்றால் என்எம்சி: செல் 4.15-ல் அப்படியே நிற்கும். 327 வோல்ட் கோனா 373 பக்கம் காட்ட வேண்டும்.

அடுத்தது செல்களுக்கு இடையிலான வித்தியாசம். ஆப்பில் அதிகபட்ச செல், குறைந்தபட்ச செல் இரண்டும் தெரியும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எல்எஃப்பி வண்டியை 50 சதவீதத்தில் நிறுத்திக் காட்டி, "பாருங்க, 5 மில்லிவோல்ட் தான் வித்தியாசம்" என்பார்கள். அந்தச் சமதளத்தில் 5 மில்லிவோல்ட்டுக்குள் பத்து சதவீத வித்தியாசமே மறைந்திருக்கலாம். 15 சதவீதத்துக்குக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். மற்ற செல்கள் 3.2-ல் இருக்க, ஒரே ஒரு செல் மட்டும் 3.05-க்கு நழுவினால் அந்தச் செல்தான் வண்டியின் ரேஞ்சைத் தீர்மானிக்கிறது. எண்ணைக் குறித்துக்கொண்டு ஏத்தத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே எண் செல் விழுந்தால் பலவீனமான செல், அல்லது அந்த இடத்து பஸ்பார் வெல்டு சரியில்லை. எண் மாறி மாறி வந்தால் பயமில்லை. உச்சியில், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது எல்எஃப்பியில் 50 மில்லிவோல்ட் வித்தியாசம் வருவது சாதாரணம், அதைப் பார்த்து வண்டியை ஒதுக்க வேண்டாம். என்எம்சியில் எந்த இடத்தில் பார்த்தாலும் ஓய்வில் 20-30 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

கொள்ளளவு சோதனை: 10 சதவீதத்திலிருந்து 100 வரை 7.2 கிலோவாட் சார்ஜரில் போட்டு, சுவரிலிருந்து எடுத்த யூனிட்டைப் பாருங்கள். 45 யூனிட் பேக்குக்கு உள்ளே போக வேண்டியது 40.5. சார்ஜர் நஷ்டம் பத்துப் பன்னிரண்டு சதவீதம் சேர்த்து மீட்டர் 45-46 காட்டும். 39 தான் காட்டுகிறது என்றால் உள்ளே போனது 34.7, அப்படியானால் பேக் 38.6-க்கு வந்துவிட்டது, ஆரோக்கியம் 86. 15 ஆம்பியர் பிளக்கில் செய்தால் நஷ்டம் 15 சதவீதம் வரை போகும், அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள். எல்எஃப்பி வண்டியில் இதற்கு முந்தின வாரம் ஒரு முறை ஃபுல் சார்ஜ் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த "10 சதவீதம்" என்பதே உண்மையாக இருக்காது.

கோனாவுக்கு ஒரு தனிக் கேள்வி உண்டு. இந்தியாவில் 2020 டிசம்பரில் 456 கோனாக்கள் பேட்டரி சோதனைக்குத் திரும்ப அழைக்கப்பட்டன, 2019 ஏப்ரல் முதல் 2020 அக்டோபர் வரை தயாரானவை. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் அந்த வேலை முடிந்ததா, பேக் மாற்றப்பட்டதா என்று எழுத்தில் வாங்குங்கள். பேக் மாறியிருந்தால் வண்டிக்கு வயது கூடினாலும் பேட்டரிக்கு வயது குறைவு, அது உங்களுக்கு லாபம்.

வாரன்டியையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். நெக்ஸான் 45-க்கு டாடா "லைஃப்டைம்" என்று தருவது பதிவான நாளிலிருந்து 15 வருடம், அதுவும் தனிநபர் முதல் ஓனருக்கு. பழைய வண்டி வாங்குபவர் விளம்பரத்தைப் படிக்காமல் வாரன்டி புத்தகத்தில் "இரண்டாவது உரிமையாளர்" பத்தியைப் படிக்க வேண்டும். ஃபாஸ்ட் சார்ஜ் எண்ணிக்கை, சர்வீஸ் தவறியது, வெள்ளத்தில் நின்றது பற்றியும் அதே பக்கத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

புது வண்டிக்கும் பழையதற்கும் பொதுவான ஒன்று: ஏஐஎஸ் 038 என்ற எலக்ட்ரிக் வண்டி பேட்டரி பாதுகாப்புத் தரத்தின் திருத்தத்தில் முதல் கட்டம் 2022 டிசம்பர் 1-லும், இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31-லும் நடைமுறைக்கு வந்தன. ஒரு செல் கட்டுக்கடங்காமல் சூடேறினால் உள்ளிருப்பவர்கள் வெளியேற முன்கூட்டியே எச்சரிக்கை தர வேண்டும் என்பதும் அதில் வருகிறது. ஒரே மாடலில் இந்தத் தேதிகளுக்கு முன்னது, பின்னது இரண்டும் கிடைத்தால் பின்னதை எடுங்கள்.


ஐந்துரோடு

செல் ஒண்ணு போனா அதை மட்டும் மாத்தலாமா? பிளேடு பேக்ல முடியாதுங்கிறாங்களே.


செல்லாண்டி

மாட்யூல் மாட்யூலா போல்ட் போட்ட பேக்குல ஒரு மாட்யூலை மாத்தலாம். புது மாட்யூலை மத்ததோட அதே வோல்டேஜுக்குக் கொண்டு வந்து போடணும், இல்லைன்னா பிஎம்எஸ் ஒத்துக்காது. பிளேடு மாதிரி செல்லையே நேரா பெட்டியில வச்சு பசை போட்டு ஒட்டின பேக்குல ஒரு செல்லை மட்டும் உருவறது ஒர்க்ஷாப் வேலை இல்லை. அங்க பேக்கையே மாத்தறதுதான். இடம் மிச்சம், கனம் மிச்சம், பலம் கூடுதல்னு செஞ்ச அமைப்பு, அதோட விலை இது. வாரன்டிக்குள்ள கவலை இல்லை. வாரன்டி முடிஞ்ச ஆட்டோ 3-ஐ செகண்ட் ஹேண்ட்ல எடுக்கறவர் இதை விலையில கழிச்சுப் பேசணும்.

ஓலா போச்சம்பள்ளியில, கிருஷ்ணகிரிப் பக்கம், 4680 செல் செய்யறாங்க, அது உருளை செல், அவங்க ஸ்கூட்டருக்குப் போறது. உங்க நாலு காருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. "நம்ம ஊர்ப் பக்கத்துலயே செல் வருதாமே, காத்திருக்கலாமா"ன்னு அடுத்த கேள்வி வரும்னு முன்கூட்டியே சொல்லிடறேன்.


செவ்வாப்பேட்டை வயர்மேன்

மேல தோட்டத்துப் பிளக்கு பத்தி நான் சொல்றனுங்க. காருக்காரங்க செல்லைப் பத்தி இவ்வளவு பேசிட்டு, கடைசியில கருகிப் போறது பிளக்குதாங்க.

15 ஆம்பியர் சாதா பிளக் பாயின்ட் மோட்டார் பத்து நிமிசம் ஓடறதுக்கு ஆனது. காரு 13-14 ஆம்பியரை எட்டு மணி நேரம் விடாம இழுக்கும். பின் தளர்ந்திருந்தா அங்கதான் சூடு ஏறும். நீல கலர் 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டு, அதுக்குத் தனி லைன் இழுத்துடுங்க. நடுவுல ஜங்ஷன் பாக்ஸ்ல முறுக்கு ஜாயின்ட் ஒண்ணுகூட வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கண்டிப்பா ஆகாதுங்க.

வயர் சைஸ் தூரத்தைப் பொறுத்தது. மீட்டர் போர்டுலயிருந்து ஷெட்டு 60 மீட்டர்னு வைங்க. காப்பர் 2.5 ஸ்கொயர்ல 12 வோல்ட் விழும், 4 ஸ்கொயர்ல 8, 6 ஸ்கொயர்ல 5. மேல சாயங்காலம் லைன்ல 200-தான் வருதுன்னா 2.5-ல போட்ட ஆளுக்கு காருக்குக் கிடைக்கிறது 188. இன்னும் கொஞ்சம் இறங்கினா சார்ஜர் கட் ஆகி, விடியக்காலையில பாத்தா ஏறவே இல்லம்பாங்க. 4 ஸ்கொயருக்குக் கீழ போகாதீங்க. வோல்டேஜ் ரொம்ப ஆடுதுன்னா காருல கரன்ட்டை 10 ஆம்பியருக்குக் குறைச்சு வைங்க, ராத்திரி பத்துக்கு மேல ஆரம்பிக்கிற மாதிரி டைமர் போடுங்க. முழு கரன்ட்டுல எட்டு மணி நேரத்துக்கு 25 யூனிட் பக்கம் இழுக்கும், 10-ல வச்சா 18. நீங்க ஏறுறதுக்குச் செலவு பண்ணினது எட்டு ஒம்பது யூனிட்டுதானே, தாராளமா போதும்.

எர்த்து. மலை மேல பாறை, ஒரு அடி தோண்டினா கல்லு. எர்த் ரெசிஸ்டன்ஸ் எகிறி நிக்கும், சார்ஜர்ல செவப்பு லைட் எரிஞ்சு "கிரவுண்ட் ஃபால்ட்"னு நிக்கும். காரு கெட்டுப்போச்சுன்னு சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணுவாங்க. காப்பிச் செடி நிழல்ல மண்ணு ஆழமா, ஈரமா இருக்கிற இடமா பாத்து ரெண்டு குழி போடுங்க, மூணு மீட்டர் இடைவெளி விட்டு ரெண்டையும் சேத்துக் கட்டுங்க. எர்த் டெஸ்டர்ல 5 ஓமுக்குள்ள வரணும். காரு சார்ஜ் ஏறும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சா 5 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல காட்டினா எர்த்தைப் பாக்கறதுக்கு முன்னாடி நியூட்ரல் ஜாயின்ட்டைப் பாருங்க, பாதி கேஸ் அங்கதான் முடியும். எர்த் ஃபால்ட் வர்றதேன்னு எர்த்தையும் நியூட்ரலையும் சாக்கெட்டுக்குள்ளயே ஷார்ட் பண்ணி விடற ஆளுங்க இருக்காங்க. நியூட்ரல் வழியில எங்கயாச்சும் கட் ஆச்சுன்னா காரு பாடி முழுக்க கரன்ட்டுங்க. அந்த ஆளை வேலைக்குச் சேக்காதீங்க.

கரன்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, டைப் ஏ-ன்னு கேட்டு வாங்குங்க. கடையில சும்மா கேட்டா டைப் ஏசி எடுத்துத் தருவாங்க, அது காருக்கு ஆகாது. சித்திரையிலயும் ஐப்பசியிலயும் ஏற்காட்டுல இடி பிச்சு எடுக்கும், போர்டுல இடி வோல்டேஜைத் தடுக்கிற எஸ்பிடி ஒண்ணு வைங்க, டைப் 2. இடி ஆரம்பிச்சா பிளக்கை உருவிடுங்க.

லைன் போட்ட முதல் நாள், சார்ஜ் ஏத்தி ஒரு மணி நேரம் கழிச்சு சாக்கெட் மேல கையை வைங்க. வெதுவெதுன்னு இருக்கலாம். அழுத்தி வச்சிருக்க முடியாத சூடுன்னா நிறுத்திட்டு உள்ள ஸ்க்ரூவை இறுக்குங்க, அலுமினிய வயர் எங்கயாச்சும் நடுவுல சேந்திருக்கான்னும் பாத்துடுங்க.